முதல் ஆணியில் என் பெயர்

அன்புள்ள குட்டிக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் நலம், மாடியில் உன் அத்தைக்கு உடம்பு நலம், மனசு மட்டும் கொஞ்சம் சரியில்லை, அதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன், போன வாரம் போனில் இருமியதை நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, பால் வாங்கி வருகிறேன் என்று உன் அப்பாவிடம் சொல்லிவிட்டு நேரே டென்னிஸ் கோர்ட்டுக்குப் போனேன். கேட் இன்னும் திறக்கவில்லை. கம்பிக்கு நடுவில் மூக்கை நுழைத்து, வாட்ச்மேன் அறைச் சுவரில் மாட்டியிருக்கும் பலகையைப் பார்த்தேன். முதல் ஆணியில் என் பெயர்தான் தொங்குகிறது. நேற்றும் அப்படித்தான் தொங்கியது, இருந்தாலும் ஒருமுறை பார்த்துவிட்டால் நிம்மதி. உள்ளேயிருந்து வாட்ச்மேன், "எங்கயும் ஓடிப்போயிடலம்மா, அங்கயேதான் இருக்கு" என்றார். அசடு வழியச் சிரித்துவிட்டுத் திரும்பி வந்தேன். பால் வாங்கவில்லை. உன் அப்பா பாலில்லாத வரக்காப்பியைக் குடித்துக்கொண்டே, நீ ஒண்ணாம் நம்பர் ஆனதுலேருந்து இந்த வீட்டுல ஒரு வேலையும் ஒழுங்கா நடக்கல என்றார்.

ஆமாம் குட்டி, நான் மறுபடியும் முதலிடம். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் வாயைத் திறந்ததும் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டு அவர் தரப்பைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார், அத்தை மாடியிலிருந்து இறங்கி வந்து அவள் தரப்பைச் சொல்வாள், கடைசியில் ஆட்டம் ஆடிய நான் இருவருக்கும் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பேன். கடிதத்தில் குறுக்கே பேச ஆளில்லை. நீ போன பிறகு வந்த பலகை என்பதால் முதலில் அதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெண்கள் பிரிவில் ஆடுகிற எல்லோருடைய பெயரும் தனித்தனிப் பலகைத் துண்டில் எழுதி, மேலிருந்து கீழாக ஆணியில் மாட்டியிருக்கும். நமக்கு மேலே இருப்பவரோடு மோத வேண்டும் என்றால் வாயால் கேட்கக் கூடாது, நம் தலையில் போடும் ரப்பர் பேண்டைக் கழற்றி அவருடைய ஆணியில் மாட்டிவிட்டு வர வேண்டும். அவர் ஆடியே தீர வேண்டும். மேலே இருப்பவர் தோற்றால் தன் கையாலேயே இரண்டு பெயரையும் இடம் மாற்றி மாட்ட வேண்டும். இந்தக் கடைசி விதியைப் போட்டது கிளப்பை நடத்தும் மருந்துக்கடை அக்கா. தோத்தவங்க மாத்தினாத்தான் வீட்டுக்குப் போய்க் கதையை மாத்தமாட்டாங்க என்பது அவளுடைய அனுபவம்.

என் கணுக்கால் உடைந்தபோது, அம்மா டென்னிஸில் அடிபட்டாள் என்று உன் அப்பா உனக்குச் சொன்னார் அல்லவா, அது முழுப் பொய்யும் இல்லை. நாற்காலி தரையைக் கீறக் கூடாது என்று அவர் என்னுடைய பழைய டென்னிஸ் பந்துகளை அறுத்து நான்கு காலுக்கும் மாட்டி வைத்திருந்தார். திரைச்சீலையைக் கழற்ற அதன் மேல் ஏறினேன், நாற்காலி ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். அப்போது நான்தான் முதல் ஆணியில். மூன்று மாதம் ஆடாவிட்டால் கடைசி ஆணிக்கு இறக்கிவிடுவார்கள். கடைசி ஆணி எவ்வளவு கீழே என்றால், வாட்ச்மேன் தரை துடைக்கிற மாப்பைச் சாய்த்து வைத்தால் அதன் பின்னால் என் பெயர் காணாமல் போய்விடும். முதலிடம் உன் அத்தைக்குப் போனது. பரிசோதனைக் கூடத்தில் என்னோடு வேலை செய்கிறவர்கள், இனிமே எதுக்கு மேடம் ரிஸ்க், பேசாம வாக்கிங் போங்க என்றார்கள். எனக்கு வாக்கிங் பிடிக்காது என்று உனக்குத் தெரியும், எதிரில் யாரும் பந்து அடிக்காமல் நான் மட்டும் நடப்பது ஏதோ தண்டனை மாதிரி இருக்கும். ரத்த சாம்பிள் குழாய்களை வரிசையாக அடுக்கும்போதெல்லாம் அந்த மாப் என் கண்ணில் நின்றது. வெட்கமாகத்தான் இருக்கிறது, நாற்பத்தாறு வயதில் ஒரு ஆணிக்காக இப்படியா என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். ஆனாலும் கால் சரியானதும் மட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஒவ்வொரு ஆணியாக ஏறியதை எல்லாம் எழுதினால் நீ தூங்கிவிடுவாய். ஒரு வழியாக இரண்டாவது ஆணிக்கு வந்து, என் ரப்பர் பேண்டை உன் அத்தையின் ஆணியில் மாட்டினேன். அவள் வக்கீல் இல்லையா, உடனே வாய்தா கேட்க ஆரம்பித்தாள். ஒரு ஞாயிறு கழுத்துப் பிடிப்பு. அடுத்த ஞாயிறு வானம் இருட்டிக்கொண்டு வருகிறதாம், வெயில் மண்டையைப் பிளக்கிறது. மருந்துக்கடை அக்காதான் கடைசியில், "இனிமே வாய்தா கிடையாது வக்கீலம்மா, வரலைன்னா நானே மாத்தி மாட்டிடுவேன்" என்று சொல்லி வரவழைத்தாள்.

இதில் உன் அப்பா பாடுதான் திண்டாட்டம். ஒரு பக்கம் பெண்டாட்டி, ஒரு பக்கம் கூடப்பிறந்த அக்கா. யாருக்குக் கைதட்டினாலும் ராத்திரி சாப்பாட்டுக்கு வழியில்லை. ரொம்ப யோசித்து ஒரு நியாயம் கண்டுபிடித்தார். கோர்ட்டின் ஒரு முனையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வாராம், அந்தப் பக்கம் யார் ஆடுகிறார்களோ அவர்களுக்குக் கைதட்டுவாராம். டென்னிஸில் அடிக்கடி பக்கம் மாறுவோம் என்பதால் இரண்டு பேருக்கும் சமமாகப் போய்விடும். கேட்பதற்கு அறிவாளித்தனமாகத்தான் இருந்தது, நானே ஒப்புக்கொண்டேன். முதல் செட்டில் ஒரு குறையும் இல்லை. அவர் பக்கம் நான் போனால் எனக்குத் தட்டினார், அத்தை போனால் அவளுக்குத் தட்டினார், நான் ஜெயித்தேன். இரண்டாவது செட்டில், எந்தப் பந்து புதுசு எது பழசு என்று எனக்கும் அத்தைக்கும் ஒரு வாக்குவாதம் வந்து, அந்தச் சூட்டில் இருவரும் பக்கம் மாற மறந்துவிட்டோம். அத்தை அவர் பக்கத்திலேயே தங்கிவிட்டாள். இவரும் விதியை மீறாமல் விடாமல் அவளுக்கே தட்டிக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் போடுகிற சர்வ் எல்லாம் வலையில் போய் விழுகிறது. பொறுக்க முடியாமல், "என்னங்க, உங்க அக்காவுக்கே தட்டிட்டு இருக்கீங்க?" என்று கத்தினேன். "நான் என்னம்மா பண்றது, நீ இந்தப் பக்கம் வரவே இல்லையே" என்றார். அப்புறம்தான் எல்லோருக்கும் உறைத்தது. மருந்துக்கடை அக்கா வந்து பக்கம் மாற்றிவிட்டாள், ஆனால் நடந்த ஆட்டம் நடந்ததுதான் என்றாள். அந்தச் செட் அத்தைக்குப் போனது.

மூன்றாவது செட்டில் எனக்குக் கணுக்கால் விண்விண் என்று தெறித்தது, அத்தைக்கு மூச்சு வாங்கியது, இருவரும் ஓடுவதை விட்டுவிட்டு நின்ற இடத்திலிருந்தே ஒருவரையொருவர் ஓடவைக்கப் பார்த்தோம். கடைசியில் எனக்கு ஒரே ஒரு பாயிண்ட் பாக்கி. அத்தை வலைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள், நான் பந்தை அவள் தலைக்கு மேல் உயரத் தூக்கிப் போட்டேன். அது நிதானமாகப் போய் அவளுக்குப் பின்னால் கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. எங்கள் கோர்ட்டில் நடுவர் கிடையாது, பந்து யார் பக்கம் விழுகிறதோ அவர் சொல்வதுதான் முடிவு. அத்தை சொல்ல வேண்டும். அவள் திரும்பிப் பார்த்து வாயைத் திறப்பதற்குள், அந்த முனையில் உட்கார்ந்திருந்த உன் அப்பா, அத்தை தன் பக்கம் இருக்கிறாளே என்ற விசுவாசத்தில், "அவுட்டு!" என்று எழுந்து கத்திவிட்டார். அவ்வளவுதான். அத்தை சடாரென்று அவர் பக்கம் திரும்பி, "டேய், உன்ன யாருடா கேட்டா? உள்ளதான் விழுந்துச்சு!" என்றாள்.

தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே அப்போதுதான் புரிந்தது. வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டவள் மாதிரி நின்றாள் பாவம். மருந்துக்கடை அக்கா மட்டும் மெதுவாக, "அப்ப ஆட்டம் முடிஞ்சுது" என்றாள். அத்தை வலைக்கு வந்து என் கையைப் பிடித்து, "அவன் வெளியேன்னு சொன்னா நான் உள்ளேன்னுதான் சொல்லுவேன், அவன் பொறந்த நாள்லேருந்து அப்படித்தான், வாய் முந்திடுச்சு" என்றாள். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, தன் பெயரைக் கழற்றி, என் பெயரை மாட்டினாள். கோணலாக இருந்தது, இறங்கி நின்று பார்த்துவிட்டு மறுபடி ஏறி நேராக்கிவிட்டு இறங்கினாள். உன் அப்பா யாருக்கும் கைதட்டவில்லை, நாற்காலியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்துவிட்டார்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னைக் குடைகிறது. பந்து உண்மையில் எங்கே விழுந்தது? உன் அப்பாவைக் கேட்டால், அவர் பந்தையே பார்க்கவில்லையாம், தன் அக்காவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். நான் இருந்த இடத்திலிருந்து அத்தைதான் மறைத்தாள். நேற்று மாடிப்படியில் அவளைப் பிடித்து, "அண்ணி, நிஜமாவே உள்ளயா விழுந்துச்சு?" என்று கேட்டேன். துணிக்கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, "போர்டுல என்ன தொங்குதோ அதான் தீர்ப்பு. இதுக்கு அப்பீல் கிடையாது, போய் வேலையப் பாரு" என்றாள். ரெண்டு படி ஏறிவிட்டு, "ஆனா நல்ல ஷாட்டு" என்றாள். அவ்வளவுதான் அவளிடமிருந்து கிடைத்தது. அவள் மறுபடி என்னோடு மோதப் போவதாகவும் தெரியவில்லை, ரப்பர் பேண்டை மாட்டினால் தோற்றதை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம், கோர்ட் பக்கமே வராமல் இருக்கிறாள்.

நீ செருப்பு தேய்ந்தால் உடனே மாற்று, வழுக்கிவிடப் போகிறது. நின்றுகொண்டே சாப்பிடாதே, ஒரு தட்டு எடுத்து வைத்து உட்கார்ந்து சாப்பிடு. அத்தைக்கு ஒரு போன் போடு, ஆட்டத்தைப் பற்றிக் கேட்காதே, அவளாகச் சொன்னால் அவளே வென்ற மாதிரி கேட்டுக்கொள். நினைத்ததெல்லாம் கைகூடி நீ நல்லபடியாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு எப்போதும். இன்னொன்று, இதை இன்னும் இங்கே யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த மாதம் வெளியூரில், நாற்பத்தைந்து தாண்டிய பெண்களுக்கு ஒரு போட்டி நடக்கிறது, எங்கள் கிளப்பில் முதலிடத்தில் இருப்பவர் போகலாம் என்று மருந்துக்கடை அக்கா சொன்னாள். இதுவரை யாரும் போனதில்லை, அங்கே வருகிறவர்கள் எல்லோரும் பயங்கரமாக ஆடுகிறவர்களாம். முதல் சுற்றிலேயே தோற்றுவிடுவேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் தனியாக பஸ் ஏறிப் போகப் போகிறேன். புருஷனும் நாத்தனாரும் யாருமே இல்லாத ஒரு கோர்ட்டில், முன்பின் தெரியாத ஒருவர் நின்று பார்க்க, என் பந்து உள்ளே விழுகிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
உன் அம்மா