இருக்கை எண் இல்லாத பயணி

பொங்கோல்
3 பிப்ரவரி 2025

அன்புள்ள வித்யா,

நானும் நிருவும் நலம். நீ சொன்னபடி இனிமேல் மின்னஞ்சலில் கடிதமாகவே எழுதுகிறேன். ஃபோனில் நீ எதைக் கேட்டாலும் "ஓகே லா" என்று சொல்லிவிட்டு, வைத்த பிறகுதான் யோசிக்கிறேன் என்று திட்டினாய். உண்மைதான். லிஃப்ட் பழுதுபார்க்கிறவனுக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

நிருவின் பாஸ்போர்ட் வந்துவிட்டது. படத்தில் போலீஸில் மாட்டிக்கொண்டவள் மாதிரி முறைக்கிறாள். வெள்ளைப் போர்வையில் படுக்கவைத்து நாற்பத்தொரு படம் எடுத்தேன். ஒன்றில் கண் மூடியிருந்தாள், ஒன்றில் என் கை விழுந்திருந்தது, ஒன்றில் போர்வையே அவள் வாய்க்குள் போயிருந்தது. ஒன்பது மாதக் குழந்தையிடம் "நேராப் பாரும்மா" என்று எத்தனை தரம்தான் கெஞ்சுவது?

மார்ச் முதல் தேதி, காலை ஒன்பது மணி விமானம். பதினாலு மணி நேரம். நானும் அவளும் சேர்ந்து இதுவரை போன தூரமே சிங்கப்பூருக்குள்ளேயே ஆங் மோ கியோ வரைக்கும்தான். அதனால் தலை சுற்றுகிறது. ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு ருக்கையா அக்கா, விமானம் மேலே ஏறும்போது பால் கொடுத்தால் காது வலிக்காது என்கிறார். என் சூப்பர்வைசர் சிதம்பரம், "இருமல் மருந்து ஒரு மூடி ஊத்திவிடு, லண்டன் வரைக்கும் தூங்கிடும்" என்கிறார். தேக்கா சந்தையில் சத்துமாவு வாங்கப் போனேன். கடைக்கார அம்மா, ஒரு வயது ஆகாத குழந்தையைக் கடல் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது என்று ஆரம்பித்து, "ஆமா, அம்மா எங்க தம்பி?" என்றார். அம்மா லண்டன் மருத்துவமனையில் டயாலிசிஸ் பயிற்சிக்குப் போயிருக்கிறாள், குழந்தையைக் கொண்டுபோய் ஆறு மாதத்துக்கு அவளிடம் விட்டுவிட்டு நான் மட்டும் திரும்புவேன் என்றேன். பாவப்பட்டாரா சந்தேகப்பட்டாரா தெரியவில்லை, ஒரு கைப்பிடி மாவு கூடப் போட்டார்.

டயப்பர் மணிக்கு ஒன்று என்று பதினாலு போதுமா? சுடுதண்ணீர் கேட்டால் தருவார்களா? தொட்டில் இருக்கை என்கிறார்களே, அதில் உருண்டு விழுந்தால் என்ன செய்வது? எதற்கும் பதில் தெரியவில்லை. நீதான் சொல்ல வேண்டும்.

உன்
சரத்


லண்டன்
6 பிப்ரவரி 2025

அன்புள்ள சரத்,

முதலில் அந்த இருமல் மருந்து. அதைச் சிதம்பரமே குடித்துவிட்டுத் தூங்கட்டும். நிருவுக்கு ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக் கூடாது. ருக்கையா அக்கா சொன்னது சரி. ஏறும்போதும் இறங்கும்போதும் எதையாவது சப்பிக்கொண்டிருந்தால் போதும். டயப்பர் இருபது எடுத்துக்கொள், உனக்கும் ஒரு மாற்றுச் சட்டை வை. அவள் வாந்தி எடுத்தால் உன் மேல்தான் எடுப்பாள்.

இங்கே எல்லாம் தயார். தொட்டில் வாங்கிவிட்டேன். பால் புட்டிகள் ஆறு, சின்னத் துளை உள்ள நிப்பிள்தான். நான் வேலைக்குப் போகும் நேரத்துக்கு ஹலீமா என்ற அம்மாளிடம் இடம் பேசியிருக்கிறேன். தன் வீட்டிலேயே நான்கு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். மருத்துவமனையிலிருந்து ஐந்து நிமிட நடை. அவருக்கு ஒரு படிவம் கொடுக்க வேண்டும், அதனால் டிக்கெட் நகலை அனுப்பு. டிக்கெட் எடுத்துப் பத்து நாளாகிறது, இன்னும் கண்ணில் காட்டவில்லை நீ.

போன ஞாயிறு வீடியோவில் என்னைப் பார்த்ததும் நிரு முகத்தைத் திருப்பி உன் தோளில் புதைத்துக்கொண்டாள். "தூக்கக் கலக்கம் லா" என்று நீ சமாளித்தாய். நாலு மாதக் குழந்தையை விட்டுவிட்டு விமானம் ஏறியவள் நான், எனக்குத் தெரியாதா. பயமாக இருக்கிறது சரத். சீக்கிரம் கொண்டுவந்து கொடு.

அன்புடன்
வித்யா


பொங்கோல்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள வித்யா,

டிக்கெட்டை இணைத்திருக்கிறேன்.

இன்று ஒரு காரியம் செய்தேன், சிரிக்காதே. லிஃப்டைச் சரிசெய்து முடித்ததும் ஆளை ஏற்றுவதற்கு முன் காலியாக ஒரு தடவை மேலும் கீழும் ஓட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். அதே மாதிரி நிருவை மார்போடு துணியில் கட்டிக்கொண்டு, மார்ச் ஒன்றாம் தேதிக்கான பையை அப்படியே தூக்கிக்கொண்டு, ரயில் மாறி மாறி சாங்கி விமான நிலையம் வரைக்கும் போய்ப் பார்த்தேன். டெர்மினலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பால் கலக்கினேன், டயப்பர் மாற்றினேன். ஆண்கள் கழிவறையில் மாற்றும் பலகை எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டேன். துப்புரவு செய்யும் ஆன்ட்டி, "எந்த பிளைட்?" என்று கேட்டார். "பிளைட் இல்ல ஆன்ட்டி, சும்மா வந்தோம்" என்றேன். கொஞ்சம் தள்ளி நின்றே தரையைத் துடைத்தார்.

இன்னொன்று. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. நிரு இப்போது புட்டியில் குடிப்பதில்லை, மூடிபோட்ட கப்பில்தான் குடிக்கிறாள். இட்லியைப் பிய்த்துக் கொடுத்தால் தானே எடுத்துத் தின்கிறாள். தவழ்ந்துபோய் வாசல் செருப்பை வாயில் வைக்கிறாள். நீ படம் அனுப்பிய அந்த மஞ்சள் கவுன் அவள் தலைக்குள்ளேயே நுழையாது. ஒரு வயது அளவு வாங்கினால் சரியாக இருக்கும்.

உன்
சரத்


லண்டன்
10 பிப்ரவரி 2025

சரத்,

டிக்கெட்டைப் பார்த்தேன். நிரஞ்சனா என்ற பெயருக்கு நேரே இருக்கை எண் இல்லை. மடியில் வரும் குழந்தை, அது புரிகிறது. அதற்குக் கீழே அவள் பெயரில் இன்னொரு வரி இருக்கிறது. 15 மார்ச், லண்டனிலிருந்து சிங்கப்பூர்.

இது என்ன? அவள் ஆகஸ்டில் என்னோடு திரும்புவாள் என்றுதானே பேசினோம்? நீயும் சரி என்றாய். ஹலீமாவிடம் ஆறு மாதம் என்று சொல்லிவிட்டேன். தெரியாமல் நடந்ததா, தெரிந்தே போட்டாயா? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

வித்யா


பொங்கோல்
12 பிப்ரவரி 2025

அன்புள்ள வித்யா,

கணினியில் என் பெயருக்குப் போய்வரும் தேதியைப் போட்டதும் அவளுக்கும் தானாக விழுந்துவிட்டது, மாற்றிவிடுகிறேன் என்று நேற்றே ஒரு கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை. அது பொய்.

"குழந்தைக்கும் திரும்பும் பயணம் உண்டா?" என்று அந்த இணையப் பக்கம் கேட்டது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உண்டு என்று அழுத்தினேன். தெரிந்தேதான் அழுத்தினேன். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் பத்து நாள் நகலை அனுப்பவில்லை.

நீ ஃபோனில் கேட்டபோது ஓகே லா என்றேன். வைத்த பிறகு, மார்ச் பதினாறாம் தேதி நான் மட்டும் இந்த வீட்டுக்கதவைத் திறந்து உள்ளே வருவதை நினைத்துப் பார்த்தேன். அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை. தினமும் வேலை முடிந்து நேரே குழந்தைப் பராமரிப்பு நிலையத்துக்குப் போவேன். என் பூட்ஸ் சத்தம் கேட்டதும் அவள் வாசலுக்குத் தவழ்ந்து வந்துவிடுவாள். அப்புறம் தூங்குகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும்தான். இந்த ஐந்து மாதமாக எனக்கு வேறு ஒன்றும் தெரியாது.

அதற்காக உன்னிடமிருந்து அவளை மறைத்து வைக்க நினைக்கவில்லை. நீ அவள் அம்மா. நீ அங்கே அழுவது எனக்குத் தெரியும். உனக்குக் கொடுத்தால் எனக்கு இல்லை, எனக்கு வைத்துக்கொண்டால் உனக்கு இல்லை. எது சரி என்று எவ்வளவு யோசித்தாலும் பிடிபடவில்லை. நீ ஒரு வார்த்தை சொல், அந்த வரியை நீக்கிவிடுகிறேன்.

சரத்


லண்டன்
19 பிப்ரவரி 2025

அன்புள்ள சரத்,

ஒரு வாரமாக நான் எழுதாததற்குக் காரணம் கோபம்தான். என் பிள்ளையை என்னிடமிருந்து திருடிக்கொண்டு போகப் பார்த்தாய் என்று நினைத்தேன். மறுநாள், உன்னிடமிருந்து நான்தானே பறிக்கப் பார்க்கிறேன் என்று தோன்றியது. அதற்கு மறுநாள் மறுபடி கோபம். டயாலிசிஸ் இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டு எந்தப் பக்கம் நியாயம் என்று பட்டிமன்றம் நடத்தினேன். தீர்ப்பே வரவில்லை.

நேற்று ஹலீமாவின் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். குழந்தைக்கு எத்தனை பல் முளைத்திருக்கிறது, எதை விரும்பிச் சாப்பிடும், பயந்தால் என்ன செய்யும் என்றெல்லாம் கேட்டிருந்தது. பெயரையும் பிறந்த தேதியையும் எழுதினேன். மற்றதெல்லாம் காலியாக விட்டேன். அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பேருந்தில் வரும்போது அழுதுவிட்டேன், நாலு பேர் பார்த்தார்கள்.

டிக்கெட்டை மாற்றாதே. இரண்டு வாரம் கண்ணாரப் பார்த்துக்கொள்கிறேன், பிறகு நிரு உன்னோடு திரும்பட்டும். ஆறு மாதம் நான் பொறுத்துக்கொள்வேன். உன்னை விட்டுவிட்டு அவள் இருக்க வேண்டும் என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. வேண்டாம் என்று ஹலீமாவிடம் இன்னும் சொல்லவில்லை. அதற்கும் வாய் வரவில்லை.

எத்தனை பல்?

வித்யா


விமானத்தில்
1 மார்ச் 2025

அன்புள்ள வித்யா,

நான்கு பல். கீழே இரண்டு, மேலே இரண்டு. ஃபோனில் சொல்லியிருந்தாலும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. இதை உன் கையிலேயே கொடுப்பேன், அங்கே வந்தால் எனக்குப் பேச்சு வராது.

எட்டு மணி நேரம் போயிருக்கிறது. ஒத்திகை பார்த்தது எதுவும் உதவவில்லை. பாதுகாப்புச் சோதனையில் கப்பைத் திறந்து காட்டச் சொன்னார்கள், காட்டினேன், நிரு அதைத் தட்டிவிட்டாள். விமானம் ஏறும்போது குடிக்க மறுத்துவிட்டாள். என் சட்டைப் பித்தானைச் சப்பிக்கொண்டு ஏறினாள், காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. தொட்டிலில் போட்டு அவள் தூங்கியதும் பெல்ட் விளக்கு எரியும். உடனே தூக்கி மடியில் வைக்க வேண்டுமாம். தூக்கினால் விழித்துக்கொள்வாள். தூங்கவைத்ததும் மறுபடி விளக்கு எரியும். மூன்று தடவை ஆயிற்று. நீ சொன்ன மாற்றுச் சட்டையும் காலி, இப்போது பனியனோடு உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. தனியாக வரும் அப்பா கழிவறைக்கு எப்படிப் போவது? ஆறு மணி நேரம் அடக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் நம்மூர் புக்கிட் மேராக்காரர், அதீஃப் என்று பெயர், பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார். நான் நெளிவதைப் பார்த்து, "குடுங்க தம்பி, நான் வெச்சுக்கிறேன். போயிட்டு வாங்க" என்றார். ஓடினேன். திரும்பி வந்தால் அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு சிரிக்கிறாள். யாரென்றே தெரியாதவரிடம் சிரிக்கிறாள் வித்யா. உன்னிடமும் சிரிப்பாள், பயப்படாதே.

திரும்பும் டிக்கெட் என் பையில் இருக்கிறது. எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். ஏன் இல்லை என்று தெரியவில்லை. விளக்கு எரிகிறது, வைக்கிறேன்.

சரத்


பொங்கோல்
17 மார்ச் 2025

அன்புள்ள வித்யா,

நேற்று வீடு வந்து சேர்ந்தேன். விமான நிலையத்தில் காரணம் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன். ஏன் என்று கேட்டு நீ அனுப்பிய ஏழு மெசேஜுக்கும் பதில் போடவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதல் நாலு நாள் அவள் உன்னைக் கண்டாலே அழுதாள். நீ சமையலறையில் போய் நின்றுகொள்வாய். நான் அதைப் பார்த்துக் கவலைப்பட்டேன், உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமும் பட்டேன். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒன்பதாம் நாள் உன் சீருடையைப் பிடித்து எழுந்து நின்றாள். அதற்குப் பிறகு நீ வேலைக்குக் கிளம்பினால் கதவைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள்.

கிளம்பின அன்றைக்குப் பெட்டியைப் போட்டு, இரண்டு பேருக்கும் போர்டிங் சீட்டு வாங்கி, உள்ளே போகும் வாசலில் அவளை வாங்கக் கை நீட்டினேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள், ஆனால் உன் முடியைப் பிடித்திருந்த கையை விடவில்லை. நீ ஒவ்வொரு விரலாகப் பிரித்தாய். சிரித்துக்கொண்டேதான் பிரித்தாய், "போயிட்டு வாடா கண்ணு" என்று சொல்லிக்கொண்டே. மூன்றாவது விரலுக்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. "விடு, உன்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். திரும்பிப் பார்த்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன் என்று தெரியும், அதனால் பார்க்கவில்லை.

செய்தது சரியா என்று இப்போதும் தெரியவில்லை. ஹலீமாவிடம் நீ வேண்டாம் என்று சொல்லாமல் இருந்தது நல்லதாயிற்று. ருக்கையா அக்கா தன் வீட்டுக் கதவைத் திறந்து எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பிறகு சாப்பாடு கொண்டுவந்து வைத்தார். பெட்டியைத் திறந்தால் அவள் துணி முழுக்க என்னோடு வந்திருக்கிறது. தபாலில் அனுப்புகிறேன், வந்து சேர்வதற்குள் சிலது சின்னதாகிவிடும். நேற்று முழுக்க அழுதேன். இன்று வேலைக்குப் போனேன்.

இன்னொன்று. எப்படி இவளைத் தூங்கவைக்கிறாய் என்று நீ தினமும் கேட்டாய். "தானா தூங்கிடுவா லா" என்றேன். அது பொய். அவளை இடது தோளில் சாய்த்துக்கொண்டு, புருவத்தை மூக்குப் பக்கத்திலிருந்து வெளியே கட்டைவிரலால் மெதுவாகத் தடவ வேண்டும். பத்துத் தடவைக்குள் கண் செருகிவிடும். இந்த ஒன்றையாவது எனக்கென்று வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லாமல் இருந்தேன். இன்றைக்கே செய்து பார்.

உன்
சரத்