‘வெள்ளம்’ வரும்போது ‘வெல்லம்’ என்று எழுதும் தொலைக்காட்சி குறித்து

அனுப்புநர்:
தினேஸ்வரி த/பெ கனகராஜ்,
குனோங் ராபாட், ஈப்போ, பேராக்.

பெறுநர்:
புகார் அதிகாரி அவர்கள்,
ஒளிபரப்புக் கண்காணிப்புப் பிரிவு,
ஈப்போ.

பொருள்: மலைச்சாரல் தமிழ்த் தொலைக்காட்சியின் திரை எழுத்துகளை மனிதர் யாராவது படித்துப் பார்த்து வெளியிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கும் என் கணவர் தர்மாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. செய்தி வாசிப்பவர் வாயசைப்பது எங்களுக்கு வெறும் பொழுதுபோக்கு. திரையின் அடியில் ஓடும் எழுத்துதான் செய்தி. மேற்படி தொலைக்காட்சியில் அதைக் கணினி கேட்டு எழுதுகிறதாம். அதன் காது எங்கள் காதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். எச்சரிக்கைகளையும் அதுவே எழுதுகிறது.

2. கடந்த பொங்கலுக்கு முந்தைய வாரம் ஒரு மாலை, தர்மா வேலையிலிருந்து திரும்புமுன், “குனோங் ராபாட் பகுதிக்கு வெல்லம் வேகமாக வந்துகொண்டிருக்கிறது. மக்கள் தயாராக இருக்கவும்” என்று திரையில் ஓடியது. அந்த வாரம் ஊர்த் தலைவர்கள் எல்லாம் அரிசியும் பருப்பும் லோரியில் கொண்டுவந்து கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வெல்லமும் வருகிறது போலும் என்று நம்பினேன். செய்தி வாசித்த அம்மையார் வேறு சிரித்த முகமாக இருந்தார். தயாராக இருக்கச் சொன்னதால், அப்போது எட்டு மாதமான மகளைச் சாரோங் துணித் தொட்டிலில் தூங்கவைத்துவிட்டு, பெரிய வாளியோடு வாசல் கேட்டில் போய் நின்றேன்.

3. எங்கள் தாமான் குடியிருப்பில் தூறல்கூட இல்லை. மழை மலைப்பக்கம் பெய்திருக்கிறது. தண்ணீர் பின்பக்கச் சாக்கடையில் ஏறி அடுப்படி வழியாக வீட்டுக்குள் புகுந்தது. நான் முன்பக்கம் லோரியைத் தேடிக்கொண்டிருந்தேன். குழந்தை வீறிட்டதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக் குல்ஜார் பேகம் அக்கா சுவரேறிக் குதித்து ஓடி, அவளைத் தூக்கினார். அதற்குள் தண்ணீர் தொட்டிலின் அடியைத் தொட்டுவிட்டது. பிறகு அக்கா கைப்பேசியில் தட்டி எனக்குக் காட்டியது: “வீட்டுக்குள்ள தண்ணி, நீ வாளிய வச்சிக்கிட்டு கேட்டுல யாருக்கு லா காத்துக்கிட்டு இருக்க?” எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அன்றிரவு முழுக்க மகளை மடியைவிட்டு இறக்கவில்லை.

4. நிலையத்துக்கு எழுதினேன். வந்த பதில்: “அக்கா, ஒரு எழுத்து தானே லா, பெரிசு பண்ணாதீங்க. சிஸ்டம் தானா எழுதுது. இன்னும் டவுட் இருந்தா ஆபீசுக்குப் போன் பண்ணுங்க.” காது கேட்காதவளைப் போன் பண்ணச் சொல்கிற புத்திசாலிகளிடம் மேற்கொண்டு என்ன கேட்பது, ஐயா? பேசும்போது நம் ஆட்கள் ல, ள இரண்டையும் ஒன்றாகவே உருட்டிவிடுகிறார்கள் என்று அறிகிறேன். காதுள்ளவர்களுக்கு அது கட்டுப்படியாகும். எனக்கு வெல்லம் என்றால் வெல்லம். நான் படித்ததை நம்பினேன்.

5. மலாய் அறிவிப்பைப் பார்த்திருக்கலாமே என்றும் கேட்டார்கள். தமிழ் வீட்டில் தமிழ்ச் செய்தி பார்த்தது என் குற்றம்தான், மன்னிக்கவும்.

6. ஆகவே, எச்சரிக்கைகளையாவது எழுத்து தெரிந்த ஒரு மனிதர் படித்துப் பார்த்த பிறகே ஓடவிட வேண்டும் என்றும், சைகைமொழியில் சொல்பவரை மூலையில் நிறுத்தினால் அவர் முகத்தின் மேல் மாவு விளம்பரம் ஒட்டக் கூடாது என்றும் உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். மழைக்காலம் மறுபடி வருகிறது. பகலில் தர்மா சிம்பாங் பூலாயில் வேலைக்குப் போய்விடுவார். குல்ஜார் அக்காவும் வீடு மாறிப் போய்விட்டார். வீட்டில் நானும் மகளும்தான். அவளுக்கு நன்றாகக் காது கேட்கிறது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பால், தூக்கம் என்று எனக்குக் கையால் சொல்லப் பழகியிருக்கிறாள். வெள்ளம் என்று சொல்ல அவளுக்கு இன்னும் தெரியாது.

மழைக்கு முன் நடவடிக்கையை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
தினேஸ்வரி

இடம்: குனோங் ராபாட், ஈப்போ
நாள்: 6 அக்டோபர் 2025