எங்கும் போகாத கம்பி

அன்புள்ள தங்கை சோல்வெய்க்,

உன் முழங்கால் இந்தக் குளிரை எப்படித் தாங்குகிறது? இங்கே ஃபார்கோவில் பனி ஜன்னல் வரை ஏறியிருக்கிறது. மற்றபடி நான் சுகம்.

ஒரு சின்ன விஷயம். எனக்கு வேலையும் நிலவறையில் அறையும் கொடுத்த வீட்டுக்காரர் டென்டன், மாடியில் குடியிருக்கும் டார்லீனின் அறைச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டைப் பார்க்கச் சொன்னார். அவள் கைக்குழந்தையோடு கோட்டுக்குள் சுருண்டிருந்தாள். "எண்பது வரைக்கும் திருகிட்டேன் சார், சூடே வரல" என்றாள். மூடியைக் கழற்றினேன். இரண்டு கம்பிகளும் சுவருக்குள் வெட்டப்பட்டிருந்தன. என் கண்தான் தவறோ என்று மீட்டரை வைத்து மறுபடியும் சோதித்தேன். வீட்டைச் சூடாக்கும் பாய்லருக்கு இணைப்பே இல்லை.

தயங்கித் தயங்கி டென்டனிடம் சொன்னேன்.

"தெரியும் பெருசு, எரிபொருள் செலவு மிச்சம்னு நான்தான் வெட்டினேன். பாத்த மாதிரி காட்டத்தான் உன்ன அனுப்பினேன். திருகினா மனசாவது சூடாகட்டுமே! மூடியப் போட்டுட்டு வா."

இந்த மனிதரின் மேஜையிலா சூப் குடித்தேன் என்று நாக்கே கசந்தது. வாதாட எனக்கு எங்கே தெரியும்? மேலே போய்ப் புதுக் கம்பி இழுத்து இணைத்தேன். பாய்லர் உறுமியது. அவர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"யாரக் கேட்டு இணைச்ச? பெட்டியக் கட்டு!"

கவலைப்படாதே, டார்லீன் தன் சமையலறையில் படுக்க இடம் தந்திருக்கிறாள். நீ அனுப்புவதாகச் சொன்ன கம்பளிக் காலுறைகளை அவள் பெயருக்கு அனுப்பு. கூடவே இரண்டு வரி எழுது. என்ன சமைத்தாய் என்று எழுதினாலும் போதும்.

தபால்காரர் வந்துவிட்டார், முடிக்கிறேன். வெட்டிய கம்பிகளைப் பார்க்க நாளைக் காலை நகராட்சி ஆய்வாளர் இங்கே வருகிறார். நான்தான் அழைத்தேன், சோல்வெய்க். என் பெயரையும் சொன்னேன்.

உன் ஹால்வர்