ஒப்புக்குக் கேட்ட சுகம்

குருநகர்,
வியாழக்கிழமை.

என்ரை ராசா கிறிஸ்ரிக்கு,

நாங்கள் இஞ்சை சுகம், நீயும் அங்கை சுகமெண்டு நம்பத்தான் பாக்கிறன், நம்பிக்கை வரேல்லை, அதுதான் எழுதுறன். போன ஞாயிறு ரொறன்ரோவிலையிருந்து ரெலிபோன் எடுத்தனியெல்லே, சாப்பிட்டனீங்களோ, மழையோ, அப்பா கடலுக்குப் போனவரோ எண்டு வழமையான மூண்டையும் கேட்டாய், நானும் ஒருக்காப் பாப்பமெண்டு, அப்பாவுக்குத் தலையிலை கொம்பு முளைச்சிருக்கு மோனை எண்டன், நீ ஓம் அம்மா, கவனமா இருக்கச் சொல்லுங்கோ எண்டிட்டு வச்சிட்டாய்! கொப்பர் பக்கத்திலை நிண்டு தலையைத் தடவிப் பாக்கிறார்.

அடுத்தநாள் என்ரை யூரியூப் மிஸ், ஐயோ அவவைப்போலை ஒருத்தி இல்லை, வீடியோ வந்த உடனை முதல் கொமென்ற் நான்தான், அவ ஒரு இங்கிலீஸ் சொல்லுப் படிப்பிச்சா, பெர்ஃபங்க்டரி. மனமில்லாமல் ஒப்புக்குச் செய்யிற காரியத்துக்கு முன்னாலை போடுற சொல்லாம். நான் துள்ளி எழும்பிட்டன், இதெல்லே என்ரை பிள்ளையின்ரை ரெலிபோன்! பிறகு கண்டதுக்கெல்லாம் போட்டுப் பாத்தன். கொப்பர் செபமாலை சொல்லுற வேகத்துக்கு மாதாவே மூச்சு வாங்குவா, அது பெர்ஃபங்க்டரி. பெர்னடெட் மாமி செத்தவீட்டிலை அழுதுகொண்டே ஆர் என்ன சீலை எண்டு பாக்கிறா, அது படு பெர்ஃபங்க்டரி. சந்தையிலை நாறின சூடை மீனுக்கும் போட்டு எழுதினன், பிழையாம், செய்யிற செயலுக்குத்தானாம், மீன் பாவம் ஒண்டும் செய்யேல்லையே எண்டு மிஸ் சிரிப்புப் படத்தோடை மறுமொழி போட்டவ, எனக்கு, பாத்தியோ! கொப்பர் இதெல்லாம் கேட்டிட்டு, இஞ்சாரும், அப்ப நீர் வைக்கிற சொதி என்ன எண்டார், மறுக்கேலாமல் போச்சு.

பகிடி கிடக்கட்டும் அப்பன். முந்தி நீ பஸ்ஸிலை பக்கத்திலை இருந்தவன் போட்ட சப்பாத்துவரைக்கும் சொல்லுவாய். ஸ்னோ கொட்டத் துவங்கினதிலையிருந்து உன்ரை குரல்தான் வருது, நீ வாறாயில்லை. வேலை போச்சோ, ஆரும் பொம்பிளைப் பிள்ளை உன்னை விட்டிட்டுப் போச்சோ, உடம்புக்கு ஏலாதோ, ஒண்டும் தெரியாமல் நான் மிஸ்ஸின்ரை வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கொண்டிருக்கிறன். நீ என்ன சொன்னாலும் கொப்பருக்குச் சொல்லமாட்டன், சத்தியம், சொன்னாலும் பாதிதான் சொல்லுவன்.

மாதா உன்னைத் தன்ரை முக்காட்டுக்குள்ளை பொத்தி வச்சிருக்கட்டும். விற்றமின் குளிசையை மறக்காதை, காதை மூடித் தொப்பி போடு. ஞாயிறு எண்டதுக்காக எடுக்காதை ராசா, எடுக்கவேணும் போலை இருக்கேக்கை எடு. கதை வராட்டில் பேசாமல் இரு, அழுகை வந்தா அழு. நான் வைக்கமாட்டன்.

உன்ரை அம்மா,
மக்டலீன்