கயல் சொன்ன பொய்

ஞாயிற்றுக்கிழமை

இன்னும் ஆத்திரம் அடங்கலை. ஸ்ரீவில்லிபுத்தூர்ல இவரோட மில் மேனேஜர் வீட்டுக் கிரகப்பிரவேசம். மேனேஜர் சம்சாரம் எங்க கயலுகிட்ட, "பாப்பா எந்த ஸ்கூலு?"ன்னு கேட்டாங்க. நாங்க பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலை, வீட்டுலதான் படிக்கான்னு நான் வாயெடுக்கதுக்குள்ள, ஒரு கான்வென்ட் பேரைச் சொல்லுதா! நாலாவது படிக்காளாம், எட்டு மணிக்கு வேன் வருமாம். ஒன்பது வயசுப் பிள்ளை கொஞ்சங்கூடத் தடுமாறலை.

"கவுன் அழகா இருக்கே"ன்னாங்க. "மதுரையில கடையில எடுத்தது"ங்கா. என் சுங்குடிச் சேலையை வெட்டி மூணு நாளா நான் தச்ச கவுன் அது.

திரும்பி வரும்போது பஸ்ஸுல, "பிள்ளைக்கு இந்தப் பொய்யை யாரு சொல்லிக்கொடுத்தது?"ன்னு இவரைப் பிடிச்சுக்கிட்டேன்.

"ஸ்கூல் பேரை நான்தான் சொல்லச் சொன்னேன். எம்புட்டுப் பேருக்கு விளக்கம் சொல்லிக்கிட்டு இருக்க முடியும்?"ங்காரு.

வீட்டுலயே படிக்கட்டும்னு இவரும் சேர்ந்து எடுத்த முடிவுதானே? இன்னைக்கு வரைக்கும் ஒரு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தது கிடையாது. பொய்யை மட்டும் உக்காந்து சொல்லிக்கொடுத்திருக்காரு.

"நான் தச்சதைக் கடையில எடுத்ததுன்னு சொல்லவும் நீங்கதான பழக்குனீங்க?"ன்னேன்.

"சத்தியமா அதை நான் சொல்லிக்கொடுக்கலை"ன்னாரு.

கயல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டா.