கொட்டேஷனின் மூன்றாவது வரி

மாப்ள,

இன்று காலை குன்னத்திலிருந்து ஒரு மக்காச்சோள குடோன்காரர் கூப்பிட்டார். விளம்பரத்துக்குப் படம் வேண்டுமாம், கொட்டேஷன் அனுப்பச் சொன்னார். கம்ப்யூட்டரில் பழைய கோப்பைத் திறந்தேன். நீ அடித்துக் கொடுத்தது. முதல் வரி படம் எடுக்கும் கூலி, இரண்டாவது படங்களைச் சரிசெய்யும் கூலி, மூன்றாவது, 'கூரை ஏற ஆள் ஒருவர்'. அதற்குமேல் கை ஓடவில்லை.

அந்த வரியில் நீ பிடிவாதக்காரன். ஆலை முற்றம் முழுவதும் ஒரே படத்தில் வர வேண்டுமென்றால் கூரையில் ஏறித்தான் ஆக வேண்டும்; நம் இருவரிடமும் ட்ரோன் கிடையாது. அரியலூரில் ஒரு சிமெண்ட் கிடங்கில் சேர்ந்து ஏறினோமே, அன்று கூரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போடும் ஆள் ஒருவர் முன்னால் நடந்தார். இரும்புச் சட்டத்தின் மேல் போல்ட்டு போட்ட இடத்தில் மிதித்தால்தான் ஷீட் தாங்கும்; அடியில் சட்டம் எங்கே ஓடுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். நான் தூசியில் தும்மிக்கொண்டே விலகி நடந்தேன். "போல்ட்டு வரிசைய விட்டுக் கால எடுக்காத மாப்ள, கீழ போய்ச் சேந்துடுவ" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். நான் சிரித்தேன்.

பிறகு சிறுவாச்சூர்ப் பக்கம் ஓர் அரவை ஆலைக்காரர் என்னிடம், "படம் புடிக்கிறது நீங்க. இன்னொருத்தருக்கு நான் எதுக்குங்க கூலி குடுக்கணும்?" என்றார். அதே வேலைக்கு நீயும் விலை சொல்லியிருந்தாய். தெரிந்துதான் அந்த வரியை எடுத்தேன். வேலை எனக்குக் கிடைத்தது. தனியாக ஏறி, முழுசாக இறங்கியும் வந்தேன். என்னவோ சாதித்துவிட்ட நினைப்பு.

அதன்பின் முதலாளிகள் என் விலையை உன்னிடம் காட்டிப் பேரம் பேசத் தொடங்கினார்கள். மூன்று வேலை கைவிட்டுப் போனதும் போன் செய்தாய்.

"அந்த வரிய எடுத்துட்டியாமே?"

"அவங்க கேக்குற விலைக்குத்தானடா போவணும்?"

"சரி, நானும் எடுத்துடறேன். வூட்ல சும்மா ஒக்காந்திருக்க முடியுமா?" என்றாய். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அடுத்த மாதமே ஒரு பஞ்சு குடோனில் தனியாக ஏறினாய். ஷீட் உடைந்து விழுந்தாய். பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோதே உயிர் இல்லை.

உன்னை எடுப்பதற்கு முன் உன் மனைவி என்னிடம்தான் கேட்டாள். "எப்பவும் ஒரு ஆளக் கூட்டிட்டுத்தானண்ணே போவாரு. அன்னிக்கு மட்டும் ஏன் கூட்டிட்டுப் போவல?"

"தெரியலம்மா" என்றேன். எனக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது என் கொட்டேஷனில் அந்த வரி திரும்ப வந்துவிட்டது. குன்னத்துக்காரருக்கும் அப்படியே அனுப்பினேன். மதியம் கூப்பிட்டு, "மூணாவத எடுத்துட்டீங்கன்னா வேலை உங்களுக்குத்தாங்க" என்றார். மாட்டேன் என்றேன். "அப்ப வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார். அந்த வேறு ஆள் யாரோ, எனக்குத் தெரியாது. அவனும் தனியாகத்தான் ஏறுவான். அந்த வழக்கத்தை இங்கே தொடங்கி வைத்தவன் நான்.

சாயங்காலம் மனசு கேட்காமல் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி காபி கொடுத்தாள். கிளம்பும்போது, எப்போதும் போல வாசல்வரை வந்தாள்.

"நீங்களாவது ஆளக் கூட்டிட்டுப் போங்கண்ணே."

"சரிம்மா" என்றேன். உண்மையைச் சொல்ல இன்றும் வாய் வரவில்லை, மாப்ள. அவள் இன்னும் என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறாள்.