உலை ரீஸுக்கு வந்த புதுப் பெயர்

அன்பு மகள் நெரிஸுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், உன் அப்பாவின் முழங்காலும் என் வாயும் மட்டும் பழையபடிதான். கனடாவில் அந்தக் கால்கரி ஊர்க் குளிரில் தொப்பி போடுகிறாயா என்று கேட்டால் போடுகிறேன் என்றுதான் எழுதுவாய், அதனால் கேட்கவில்லை.

வீட்டை விற்றுவிட்டு உன்னிடமே வந்துவிடச் சொல்லியிருந்தாய். நானும் அரை மனதாகச் சரி என்றுதான் இருந்தேன். நம் தெருவில் ரீஸ் என்ற பெயரில் நான்கு பேர், அடையாளத்துக்கு ஊர் வைத்த பெயர்கள்தான் ரொட்டி ரீஸ், தபால் ரீஸ், ஒற்றைப்பல் ரீஸ், உன் அப்பா உலை ரீஸ். முப்பத்தொரு வருஷமாக இரும்பாலை உலையில் வேலை, அதனால் அந்தப் பெயர். ஆலையில் உலையை ஒரேயடியாக அணைத்த வாரமே இறைச்சிக் கடையில் யாரோ வாய் தவறி "பழைய உலை ரீஸ் வர்றாரு" என்று சொல்லிவிட்டார்கள், அன்றைக்கு வீட்டுக்குள் புகுந்தவர்தான், நாலு மாதம் வாசலைத் தாண்டவில்லை. "உலையே இல்ல, அப்புறம் நான் எந்த ரீஸு?" என்று என்னைக் கேட்டார். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பயந்துபோயிருந்தேன் நெரிஸ்.

போன மாதம் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் சாலையைக் கடக்கும்போது வண்டிகளை நிறுத்த ஆள் கேட்டார்கள். அவரிடம் சொல்லாமலே பெயர் கொடுத்துவிட்டு வந்தேன், சொன்னால் மாட்டேன் என்பார். முதல் நாளே மஞ்சள் கோட்டும் 'நில்' பலகையுமாகப் போய் நின்று, துறைமுகத்து லாரி, பேருந்து, ஒரு சவ வண்டி எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கிறார். கடந்துபோனது பிள்ளை இல்லை, ஒரு கடல்காகம், வாயில் பொரித்த மீனோடு. பறக்கிற சென்மத்துக்கு எதற்கு வண்டியை நிறுத்தினாய் என்று ரொட்டி ரீஸ் கேட்டதற்கு, "அது நடந்துதானே போச்சு, நடந்து போறவங்களுக்குத்தானே நான் நிக்கிறேன்" என்றாராம்.

சாயங்காலத்துக்குள் ஊர் பெயர் வைத்துவிட்டது. "கடல்காக ரீஸாம், இந்த ஊருக்கு வேற வேலையே இல்ல" என்று ஒரு மணி நேரம் திட்டினார், திட்டிக்கொண்டே கறிச்சாறு இரண்டு கிண்ணம் குடித்தார். மறுநாள் தொலைபேசி அடித்தபோது அவரே எடுத்து, "கடல்காக ரீஸ் பேசறேன்" என்றார். நான் அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதனால் வீட்டை விற்கப்போவதில்லை, மகளே. "அங்க நான் ஒரே ஒரு ரீஸு, எனக்கு யாரு பேரு வைப்பா?" என்கிறார். கோடையில் மூன்று வாரம் வருகிறோம், அதற்கு மேல் நீயும் தாங்கமாட்டாய்.

நீ தொட்டதெல்லாம் நல்லபடியாக நடக்கட்டும். ஒன்று மறக்காதே, ரீஸ் என்று மட்டும் எழுதிய உன் போன கடிதம் மூன்று வீடு சுற்றி, பிரிந்த உறையோடுதான் வந்தது. இனி உறைமேல் கடல்காக ரீஸ் என்று முழுப் பெயரையும் எழுது.

இப்படிக்கு உன் அம்மா,
திருமதி கடல்காகம்